உன் படத்துக்கு அவர்கள் சேர்த்த பேச்சு

என் உயிரான நைனாவுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் கழித்து உன்னைப் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் நகராட்சிப் பூங்காவில் டெலிவிஷன் பெட்டி வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு சாயங்காலம் பறவைகளைப் பற்றிப் படம் போட்டார்கள். பார்த்தால் நம் தாமல் ஏரி!

மூன்று வருஷத்துக்கு முன்னால் காமிராவோடு வந்தார்களே, அவர்கள் எடுத்ததுதான். ஏரிக்காவலன் என்று உன்னைத் துணைக்கு அழைத்துப்போனார்கள். மூன்று நாளும் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தபடி நீ பேசிக்கொண்டே இருந்தாய், எந்தக் கூட்டில் எத்தனை குஞ்சு, எந்த நாரை எப்போது வந்தது என்று. “நா சொல்றதெல்லாம் படத்துல வருமா சார்?” என்றும் கேட்டாய்.

“இதுல சத்தம் பதியாது பெரியவரே. பேச்சை நாங்க மெட்ராஸ்ல சேர்த்துக்குவோம்” என்றார் படக்காரர்.

சேர்த்துவிட்டார்கள், நைனா.

கீழே விழுந்த நாரைக்குஞ்சைத் துண்டில் ஏந்திக்கொண்டு நீ நடக்கிறாய். பிறகு நீ மரமேறி அதைக் கூட்டில் வைத்ததை நானே கரையிலிருந்து பார்த்தேன். படத்தில் அது இல்லை. உன் முகம் திரை முழுக்க நிற்கும்போது ஒரு கனத்த குரல் சொல்கிறது: “குஞ்சுகளைத் திருடித் தின்னும் மனிதனே இவற்றின் முதல் எதிரி.” எவ்வளவு சுத்தமான தமிழ்! எவ்வளவு நிதானம்!

பக்கத்திலிருந்தவர், “பாவி, மூஞ்சியப் பாரு” என்றார்.

எழுந்துவிட்டேன். “அது எங்க நைனா! திருடல, கூட்டுல வெக்க எடுத்துக்கினு போறாரு” என்று கத்தினேன்.

“டிவில போய் பொய் சொல்லுவாங்களாம்மா?” என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

டெலிவிஷன் நிலையத்துக்கு எழுதினேன். வெளியே வாங்கிய படம், வர்ணனையை மாற்ற இயலாது என்று இரண்டு வரி பதில். பேசியவர் தாமல் பக்கம் ஒரு நாளாவது வந்திருப்பாரா? உன் பேரையாவது கேட்டிருப்பாரா?

நீ படத்தில் வந்த செய்தி அம்மாவுக்கும் எட்டிவிட்டது. “உங்க நைனாவப் பத்தி என்னா சொன்னாங்க?” என்று ஆசையாகக் கேட்டாள்.

“ரொம்ப நல்லவருன்னு சொன்னாங்கம்மா.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். உன் படத்துக்குப் பொய்ப் பேச்சு சேர்த்தவர்களில் நானும் ஒருத்தி.

வரும் ஞாயிறு மறுபடியும் போடுகிறார்களாம். அதற்குள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அவளையும் கூட்டிப்போவேன். உன் முகம் வரும்போது பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, அந்தக் குரலைவிடச் சத்தமாக, நீ செய்ததைச் செய்தபடியே சொல்வேன். பிடித்து இழுத்தாலும் நிறுத்தமாட்டேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

உன் ஒரே மகள்,
சுலோசனா