முக்காலியில் இன்னும் உட்காராதவளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது, அது கிடக்கட்டும். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனில் சொல்வதை ஏன் கடிதமாக எழுதுகிறாய் என்று கேட்பாய். போன் என்றால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முதலில் உன் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விடப்போகிறேன் என்று நீ என்னிடம் சொன்னதைப் பற்றி அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை. விழா முடியும்வரை சொல்லாதே என்றாய், விழா முடிந்துவிட்டது, இன்னும் சொல்லவில்லை. அண்ணனுக்கும் தெரியாது, அவனுக்குத் தெரிந்தால் அண்ணிக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரிந்தால் தண்டோரா போட்ட மாதிரிதான். இந்த மாதக் கடைசிக்குள் அங்கே உன் முடிவை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாயே, அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விழாவுக்கு நீ வரவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். வந்திருந்தாலும் பாதி நேரம் காலி நாற்காலியைத்தான் பார்த்திருப்பாய். அப்பா ஓய்வு பெறும் நாளன்றே பழைய மாணவர்கள் எல்லாம் கூடி, பல்கலைக்கழகத்துப் பெரிய அரங்கத்தில் மாலையில் பாராட்டு விழா வைத்துவிட்டார்கள். அவருடைய கடைசி ஆராய்ச்சி மாணவி ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாளும் அதுதான். ஓய்வு பெற்ற மறுநாள் அவர் கையெழுத்துக்கு மதிப்பு இல்லை, அலுவலகம் மூடுவதற்குள் கொடுக்காவிட்டால் அந்தப் பெண் வேறொரு பேராசிரியரைத் தேடிப்பிடித்து முதலிலிருந்து அலைய வேண்டும். நீ அவளைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூட டீச்சர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பகலெல்லாம் வகுப்பில் கத்திவிட்டு மாலையில் அப்பாவிடம் வந்து படித்தவள். டீச்சர் பேசுவது கடைசி பெஞ்சுக்கு ஏன் சரியாகக் கேட்பதில்லை என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒலி, ஒலி என்றே ஆயுளைக் கழித்த மனிதருக்கு அதைவிடப் பிடித்த விஷயம் வேறு உண்டா. அவர் எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்பது "கடைசி பெஞ்சுக்குக் கேக்குதா?" என்றுதான், இல்லை என்று ஒரு தலை ஆடினால் பாடத்தை ஆரம்பிக்க மாட்டாராம்.

நம் சமையலறை முக்காலியை நீ மறந்திருக்க மாட்டாய், அதில் ஏறித்தான் பிஸ்கட் டப்பாவைத் திருடுவாய். அப்பாவிடம் ஆராய்ச்சி செய்தவர் யாராக இருந்தாலும் ஆய்வேட்டைக் கொடுக்கும் முன்னால் அந்த முக்காலியில் உட்கார்ந்து, நான் காய் நறுக்கி முடிப்பதற்குள் முழு ஆராய்ச்சியையும் எனக்குச் சொல்லியாக வேண்டும். எனக்குப் புரிந்தால் கையெழுத்து, புரியாவிட்டால் திருத்தம். தபாலாபீஸில் பார்சல் எடை போடுகிறவளுக்கு ஒலியலை என்ன தெரியும் என்று ஆரம்பத்தில் சண்டை போட்டேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, அதனாலதான் நீ வேணும்" என்றார். கல்யாணமான புதிதில் கட்டிய பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா அது. ஆனால் எனக்கும் அது போகப் போகப் பிடித்துப்போயிற்று. ஒருவன் பயத்தில் நான் நறுக்கி வைத்த உருளைக்கிழங்கைப் பச்சையாகவே தின்றான், இப்போது ஒரு கல்லூரிக்கு முதல்வர். முக்காலியில் தடுக்கியவர்களை அப்பா திட்டியதே கிடையாது. சொல்கிறவனுக்குப் புரிந்திருந்தால் கேட்கிறவளுக்குப் புரியாமல் போகாது என்பது அவர் கட்சி, அதனால் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்கே இடறியது என்று அவர்களோடு சேர்ந்து தேடுவார். அந்தத் தேடலில் வீடு வாசல் மறந்துவிடும். உன் பிறந்தநாள் ஒன்றும் அப்படித்தான் போயிற்று, அது உனக்கு இன்னும் ஆறவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

விழா நாளுக்கு வருகிறேன். காலையிலேயே வர வேண்டிய டீச்சர் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மதியம் தாண்டித்தான் வந்தாள். அப்பா அண்ணி வாங்கித் தந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயார், வாசலில் அண்ணன் காரில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறான். அவள் முக்காலியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். முதல் இரண்டு அத்தியாயமும் வெண்ணெய் மாதிரி இறங்கியது. மூன்றாவதில் பேசிய சத்தம் ஒரு அறைக்குள் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கும் கோடுமாக அடுக்கிக்கொண்டே போனாள். எனக்கோ செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதற்குள் அண்ணன் உள்ளே வந்து என் காதோரம் குனிந்து "புரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேம்மா, குடியா முழுகிடும்" என்றான். எனக்கும் அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு வரும். ஆனால் அப்பா எப்போதும் போலச் சாதாரணமாகத்தான் "புரிஞ்சுதா?" என்றார், நானும் எப்போதும் போல "இல்லீங்க, மூணாவது புரியல" என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டான். அப்பா புதுச் சட்டையைக் கழற்றி ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் மாட்டினார், பனியனோடு தரையில் உட்கார்ந்தார். உலகத்தில் அவருக்கு வேறு வேலையே இல்லை என்பது போல "நீ உன் கிளாஸ்ல பசங்களுக்கு இதை எப்படிச் சொல்லுவே?" என்று அவளைக் கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளியலறைக்குள் நிறுத்தி, கதவைச் சாத்தி, கையை ஒரு தட்டுத் தட்டினாள், கைதட்டல் சுவருக்குச் சுவர் ஓடி மெதுவாகத்தான் ஓய்ந்தது. படுக்கையறையில் மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் நடுவே நின்று தட்டினாள், தட்டிய இடத்திலேயே அது படுத்துவிட்டது. "மொத வார்த்தை சுவத்துல மோதித் திரும்பி வந்து ரெண்டாவது வார்த்தை மேல ஏறி உக்காந்துக்குதும்மா, டீச்சர் எவ்வளவு கத்தினாலும் கடைசி பெஞ்சுக்கு வெறும் இரைச்சல்தான் போகும்" என்றாள். இதைத்தானே இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தாய் என்றேன். "அதையே எழுது" என்றார் அப்பா. நான் வெங்காயத்தை ஓரம் தள்ளிக் கொடுத்த மேஜையிலேயே அந்த அத்தியாயத்தின் முன்பகுதியைப் புதிதாக எழுதினாள். நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் தட்டி, அச்செடுத்து, பைண்டிங் கடைக்காரரைக் கெஞ்சி, அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த எழுத்தர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "உங்களுக்காகத்தான் சார் பூட்டாம நிக்கறேன்" என்றாராம். அப்பா அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டார்.

அரங்கத்தில் அதற்குள் துணைவேந்தர் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, வேறொரு கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று அப்பாவின் நாற்காலியில் கேடயத்தைச் சாத்தி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். போட்டோக்காரர் கடமை தவறாதவர், அதையும் எடுத்துவிட்டார், நாற்காலிக்கு மரியாதை செய்கிற படம் வீட்டுக்கு வந்திருக்கிறது. அப்பாவுக்கு அது ரொம்பவும் பிடித்துவிட்டது, "என்னைவிட நல்லா உக்காந்திருக்கு" என்கிறார். நான் முழங்காலுக்குப் பயந்து கதவோரமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மேடை ஏறியதும் மைக்கை ஒதுக்கிவிட்டு "கடைசி பெஞ்சுக்குக் கேக்குதா?" என்றார். நரைத்ததும் வழுக்கையுமாக அவ்வளவு பேரும் ஒரே குரலில் "கேக்குது சார்" என்றார்கள். இந்த மனிதர் காலம் பூராவும் வீட்டுக்குக் கொடுக்காத நேரத்தையெல்லாம் எங்கே கொட்டினார் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு, கொட்டியதெல்லாம் அந்த ஒரு குரலாகத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவர் பேசியது அதிகமில்லை. "லேட்டானதுக்கு மன்னிக்கணும், வீட்ல புரியலன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். முக்காலியில் உட்கார்ந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மற்றவர்கள் முழித்தார்கள். அந்த முக்காலியை மேடையில் வைக்கக் கேட்டிருந்தார்கள், மேல் அலமாரி எட்டாது என்று நான் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முக்காலியை அடுப்புக்கு எதிரே அதன் இடத்தில் போட்டுவிட்டு, "எல்லாரும் உக்காந்தாச்சு, நம்ம வீட்டுப் பொண்ணு ஒருத்திதான் பாக்கி" என்றார். மனதில் எதையும் வைத்துச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். நான் கழுவிய தட்டையே திரும்பக் கழுவினேன். நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்றுதான் சொல்கிறேன். ஊரார் வீட்டுப் பிள்ளைகள் படித்ததெல்லாம் எனக்குத் தெரியும், நான் பெற்றவள் என்ன படிக்கிறாள் என்று தெரியாது. கேட்கும்போதெல்லாம் "உனக்குப் புரியாதும்மா" என்பாய். அடி அசடே, புரியாமல் இருப்பதுதானே இத்தனை காலமாக இந்த வீட்டில் என் உத்தியோகம். அங்கே உன் பேராசிரியர் மாதக்கணக்காக உன்னைக் கூப்பிட்டுப் பேசவில்லை, எதற்காகச் செய்கிறோம் என்றே மறந்துவிட்டது என்று அழுதாயே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். படிப்பை விடாதே என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவிடம் பாதியில் நின்றவன் ஒருவன் ரொட்டிக் கடை வைத்திருக்கிறான், அப்பா அங்கே போய் அரை நாள் அவனோடு பேசிவிட்டுத்தான் வருவார். உன்னையும் அவர் தூக்கி எறிந்துவிட மாட்டார். ஆனால் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை என்னிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை அப்பா நடக்கப் போன பிறகு போனை முக்காலியில் சாய்த்து வைத்துவிட்டு நான் பீன்ஸ் நறுக்குவேன், நீ முதலிலிருந்து சொல். சொல்லி முடித்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு, அப்பாவிடம் உன் பக்கம் நின்று நானே பேசுகிறேன்.

குளிருக்கு அந்தத் தடித்த ஸ்வெட்டரைப் போடு, அழகாக இல்லை என்று பெட்டியிலேயே பூட்டி வைக்காதே. நீ தொட்டது துலங்கட்டும், மனக்குழப்பம் தீர்ந்து நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே, பீன்ஸ் வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லும்
உன் அம்மா