சி.ஆர்.பி. ஒன்பது

ஜனவரி 20, திங்கள்

காலையில் என் வீட்டுக்காரர் வர்சித்தோவின் முதுகில் எண்ணெய் தடவி, நாணயத்தால் கோடு கோடாய்ச் சிவக்கும்வரை சுரண்டிவிட்டேன். உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டதாம். நாலு மாதமாகவா ஒரு காற்று உள்ளேயே குடியிருக்கும்? தினமும் சோலோவுக்கும் வொனோகிரிக்கும் இடையே பஸ் ஓட்டுகிறவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நானும்தான் விட்டுவிட்டேன். இப்போது சாயங்காலக் காய்ச்சல் வேறு. கால்சட்டை இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது.

சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன்.

ஜனவரி 22

சி.ஆர்.பி. எண்பத்து நாலு. பத்துக்குள் இருக்க வேண்டுமாம். இ.எஸ்.ஆர். தொண்ணூற்றாறு. எதுவும் புரியவில்லை, பயம் மட்டும் வந்தது.

சுகாதார நிலைய டாக்டர் ரின்தா சின்னப் பெண். அம்மா என்பதுபோல் இபு, இபு என்று பொறுமையாகச் சொன்னாள். "இது நோயோட பேர் இல்லை, இபு. உள்ள எங்கேயோ அழற்சி இருக்குன்னு மட்டும் சொல்லுது. திருடன் வந்தா ராத்திரி காவல்காரர் மூங்கிலைத் தட்டுவாரில்ல, அந்த மாதிரி. திருடன் எந்த வீட்டுலன்னு நாமதான் தேடணும்." முதுகெலும்பை ஸ்கேன் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள். பிப்ரவரி 13தான் தேதி கிடைத்தது.

வழியில் இவர், "பஸ்ஸுக்கு ஆயில் மாத்துற மாதிரி ரத்தத்தையும் மாத்திட்டா தீர்ந்தது, ரத்மி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 27

இவர் பஸ் கண்டக்டர் பக்யோ சொன்னானாம் – சந்தை முனை துகினாவின் ஜாமு மருந்து. டிரைவர்கள் எல்லோரும் அங்கேதான். மூலிகைத் தூளில் முட்டைக் கருவும் தேனும் விட்டு அடித்துத் தருகிறாள். "வேரும் இலையும்தானே, இபு. கெடுதல் என்ன வந்துடப்போகுது?" என்றாள் துகினா. ஜாமு குடிக்காமல் வளர்ந்த உடம்பு எங்கள் ஊரில் ஏது? கையோடு பொட்டலங்கள் வாங்கி வந்தேன்.

ஜனவரி 29

வலியே இல்லையாம்! தேங்காய்ப்பால் கோழி, மூன்று முறை சோறு.

பிப்ரவரி 11, செவ்வாய்

நாளை மறுநாள் ஸ்கேன். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று நாங்களாகவே சந்தைப் பக்கத்து லேப்பில் ரத்தம் கொடுத்தோம்.

சி.ஆர்.பி. ஒன்பது!

லேப்பிலேயே அழுதுவிட்டேன். கன்னம் உப்பி, கல்யாணத்தன்று இருந்ததைவிட அழகாக இருக்கிறார் மனுஷன். ஸ்கேன் வேண்டாம் என்று முடிவாயிற்று. பெருநாள் கூட்டத்துக்கு வண்டி எடுக்கிறவருக்குத்தான் முதலாளி வருஷம் முழுக்க வேலை தருவார். ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த இருக்கை வேறு ஆளுக்கு. டாக்டர் ரின்தாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டவில்லை. எண் இறங்கிவிட்டதே, காட்ட என்ன இருக்கிறது?

மாலையில் மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சாப்பிட வைத்தோம்.

மார்ச் 18

நோன்பு திறந்ததும் முதலில் ஜாமு, அப்புறம்தான் பேரீச்சை. ஒரு நாள் விட்டால் முதுகு முறுக்குகிறது. "ரெண்டு பொட்டலமாப் போடு" என்கிறார். கால் மரத்துப்போகிறதாம்.

மறுபடி ரின்தாவிடம் போகலாமா என்றேன். "அதான் ஒன்பதுன்னு வந்துடுச்சே, இன்னும் என்ன?" வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

மார்ச் 29

பஸ்ஸ ஓரங்கட்டிட்டாராம். இறங்க முடியலையாம். பக்யோதான் தூக்கிட்டு வந்தான். பயணிகளுக்கு ஒண்ணும் ஆகலை. உடம்பு நெருப்பா கொதிக்குது. காலு அசையலை – ஐயோ, ரெண்டு காலுமே அசையலை –

மார்ச் 31, பெருநாள்

ஆஸ்பத்திரி. ஸ்கேனில் முதுகெலும்பு அரித்துக் கிடக்கிறது. சுற்றிலும் சீழ். ஊசியால் எடுத்துக் கிருமி வளர்க்க அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகுமாம்.

பெரிய டாக்டர் ஜாமு பொட்டலத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல ஸ்டீராய்டு மாத்திரையை இடிச்சுக் கலந்திருப்பாங்க. வலி போகும், பசி எடுக்கும், முகம் ஊதும். சி.ஆர்.பி.யும் இறங்கும். நோய் மட்டும் இறங்காது, இபு. இப்ப ரத்தம் முழுக்கப் பரவிடுச்சு."

காவல்காரரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, ஊரில் திருடனே இல்லை என்று விருந்து வைத்திருக்கிறோம். கட்டியவள் நான். தினமும் முட்டை உடைத்து, தேன் விட்டு, என் கையால் கலக்கிக் கொடுத்தேன்.

துகினாவைக் கொன்றுபோடலாம் போல இருக்கிறது. ஆனால் அவளும் தன் முட்டிவலிக்கு அதே தூளைத்தான் குடிக்கிறாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

விடியும்போது, "என் காலைப் பிடிச்சிருக்கியா?" என்று கேட்டார். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பகல் தொழுகைக்கு முன் போய்விட்டார்.

ஏப்ரல் 15

எழுத ஒன்றுமில்லை.

மே 20, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். வேலைக்குப் புதிதாய் வந்த பெண் போலிருக்கிறது.

"கிருமி வளர்ந்து ரிப்போர்ட் வந்துடுச்சு, இபு. எலும்புல காசநோய். பயப்படாதீங்க, மருந்துக்குக் கட்டுப்படுற வகைதான். ஒரு வருஷம் விடாம மாத்திரை சாப்பிட்டா நல்லாயிடுவாரு. எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"

அவர் போனதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அத்தனை சந்தோஷமாகச் சொல்கிறாள்.

வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன்.