ஒன்பதாம் பிளாக்கில் ஒருவர்

ஓர்ஹூஸ், டென்மார்க்
2 செப்டம்பர் 2025

அன்பு அக்காவுக்கு,

போனில் பேசினால் பாதி வார்த்தையைக் கீரிப்பாறை மலை தின்றுவிடுகிறது, மீதியில் நான் அழுதுவிடுகிறேன். அதனால் மெயிலே போதும். வயிற்றில் இருப்பவர் நலம். பிப்ரவரியில் வருவார். பேறுகாலத்துக்கு நீ வந்தே ஆக வேண்டும். அம்மாவும் இல்லாத எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? விசா படிவத்தில் 'கணவர் இறந்துவிட்டார்' என்ற கட்டத்தில் நீ இன்னும் கோடு போடவில்லை. அத்தான் போய் மூன்று வருஷம் ஆகிறது அக்கா.

இன்னொரு உதவி. அங்கே அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்பாயே, சொல்கிறேன். நாம் எழுதும் தமிழையே கொஞ்சம் கடிவாளம் போட்டு எழுதினால், கம்ப்யூட்டர் அதைச் சந்தேகமில்லாமல் படிக்கும். எழுதாததையும் அதிலிருந்து யோசித்துச் சொல்லும். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்திதான். 'இருக்கலாம்' கூடாது. 'அவர்', 'அது' கூடாது, பெயர் வேண்டும். பெயர் சொல்ல முடியாவிட்டால் 'ஒருவர்' என்று எழுது. அந்த ஒருவருக்கு மெஷின் ஒரு எண் போட்டு வைத்துக்கொள்ளும். பொய் மட்டும் எழுதிவிடாதே, அப்படியே நம்பிவிடும். நீ பால் நிறுக்கிற ரப்பர் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் வாக்கியங்கள் அனுப்பு.

உன் தங்கை,
ஜெஸ்பின்


கீரிப்பாறை
11 செப்டம்பர் 2025

என் மக்கா ஜெஸ்பின்,

சின்ன வயதில் என் கட்டுரையில் பிழை பிடித்தாய், இப்போது மெஷினையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாய். நல்லா இரு. நேரத்துக்குச் சாப்பிடு. 'அவர்' என்று எழுதக்கூடாதாம்! கல்யாணமான நாளிலிருந்து உன் அத்தானை நான் வேறு எப்படிச் சொல்லியிருக்கிறேன்? பெயர் என் வாயில் வராது. அது போகட்டும், நீ கேட்டது இதோ:

தோட்டத்தில் ஒன்பது பிளாக் உண்டு. எட்டு பிளாக்கைப் பதினொரு பேர் வெட்டுகிறார்கள். (வெட்டுவது என்றால் பட்டையைச் சீவிப் பால் வடியவிடுவது என்று உன் மெஷினுக்குச் சொல்லிவிடு. பெயர்களைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.) பூங்கனி பால் நிறுக்கிறாள். ஒருவர் மரத்தை வெட்டினால்தான் மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் இருக்கும். ஒன்பதாம் பிளாக்கில் தொண்ணூறு மரம் உண்டு. முதலாளி ஒன்பதாம் பிளாக்கில் ஆள் போடவில்லை. ஒன்பதாம் பிளாக்கில் எல்லாச் சிரட்டையிலும் பால் இருக்கிறது.

போதுமா? கை வலிக்கிறது.

அக்கா,
பூங்கனி


ஓர்ஹூஸ்
14 செப்டம்பர் 2025

அன்பு அக்காவுக்கு,

உன் வாக்கியங்களில் ஒரு பிழைகூட இல்லை. இங்கே படித்தவர்களே இப்படி எழுதுவதில்லை. மெஷின் ஒரே மூச்சில் படித்துவிட்டு இரண்டு வரி எழுதியது:

ஒன்பதாம் பிளாக்கை ஒருவர்-1 வெட்டுகிறார். ஒருவர்-1 பதினொரு பேரில் இல்லை.

யாரையாவது விட்டுவிட்டாயா? ஷைஜு லீவு முடிந்து வந்திருப்பானே? அது அத்தானுடைய பிளாக். அத்தானுக்குப் பிறகு அதைச் சும்மா போட்டுவிட்டார்கள் என்றல்லவா சொன்னாய். படிவத்தை மறக்காதே.

ஜெஸ்பின்


கீரிப்பாறை
29 செப்டம்பர் 2025

மக்கா,

யாரையும் விடவில்லை. ஷைஜு மூன்றாம் பிளாக்கில் இருக்கிறான். போன வாரம் மேஸ்திரி சுயம்புராஜ் ஷெட்டுக்கு வந்து, "மக்கா பூங்கனி, ஒம்பதுல எவன் வெட்டுகான்? வெட்டு தலகீழா சரிஞ்சு கெடக்கு பாத்தியா?" என்று கேட்டார். நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற தாணம்மாள்தான், "அந்தப் பக்கம் என்னைய கூப்பிடாதீங்க, நா வரமாட்டேன்" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

எட்டு பிளாக்கிலும் வெட்டு வலப்பக்கம் சரியும். ஒன்பதாம் பிளாக்கில் வெட்டு இடப்பக்கம் சரியும். ஒருவர் இடது கையால் வெட்டுகிறார். ஒருவர் இடது கைக்குச் சாணை பிடித்த கத்தியால் வெட்டுகிறார்.

இவ்வளவுதான் எழுத முடியும். மழை விடவில்லை. உனக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

பூங்கனி


ஓர்ஹூஸ்
3 அக்டோபர் 2025

அக்கா,

மெஷின் அத்தான் பெயரில் வந்து நின்றுவிட்டது. சோதனைக்காக நம் குடும்பத்தைப் பற்றி முன்பே சில வாக்கியங்கள் கொடுத்திருந்தேன். அவற்றை உன்னுடையவற்றோடு சேர்த்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறது:

ஜான்ரோஸைத் தவிரத் தோட்டத்தில் இடது கைக்காரர் இல்லை. இடது கைக் கத்தி ஒன்றுதான் உண்டு. அந்தக் கத்தி கல்லறையில் இருக்கிறது. ஜான்ரோஸ் இறந்தார். இறந்தவர் மரம் வெட்டுவதில்லை. ஒருவர் ஒன்பதாம் பிளாக்கை வெட்டுகிறார். இவை எல்லாம் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. எந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறீர்கள்?

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அதைக் கொடுத்தவர் பெயர் இருக்கும். 'ஜான்ரோஸ் இறந்தார்' என்பதற்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. நான் எதைப் பார்த்தேன் அக்கா? பிளாக்கின் நடுவில் ஓடுகிற ஓடையில் வெள்ளம் வந்தது, சட்டையும் கத்தியும் கிடைத்தன, ஆள் கிடைக்கவில்லை. சட்டையையும் கத்தியையும் பெட்டியில் வைத்துக் கோயில் கல்லறையில் அடக்கம் செய்தோம். கத்தியைத் துணியில் சுற்றி நீ உள்ளே வைத்ததைப் பார்த்தேன். அது ஒன்றுதான் நான் கண்ணால் பார்த்தது.

பயமாக இருக்கிறது. என்னிடம் நேராகச் சொல்.

ஜெஸ்பின்


கீரிப்பாறை
20 அக்டோபர் 2025

என் கண்ணு,

பிள்ளை சுமக்கிறவளைப் பயப்படுத்திவிட்டேனே, பாவி நான். பயப்படாதே. ஒருவர்-1 நான்தான்.

அன்றைக்குத் துணியில் சுற்றி வைத்தது அடுக்களைக் கத்தி. அவர் கத்தியையும் மண்ணில் போட்டுவிட்டால், திரும்பி வருகிறவருக்குக் கையில் எடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. வீட்டில் அது ஆணியில் சும்மா தொங்குவதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. விடிந்ததும் போய் வெட்டிப் பார்த்தேன். வலது கைக்கு அந்தக் கத்தி வசப்படவில்லை. இடது கையைப் பழக்க ஒரு வருஷம் ஆனது. பாலை மற்றவர்கள் பாலோடு கலந்துவிடுவேன். உன்னிடம் பொய் எழுதவில்லை. பெயர் சொல்ல முடியாவிட்டால் ஒருவர் என்று எழுதச் சொன்னது நீதான்.

இப்போது எழுதிக்கொள்: கத்தி பூங்கனியிடம் இருக்கிறது. பூங்கனி இடது கையால் ஐம்பத்திரண்டு மரம் வெட்டுகிறாள்.

திட்டாதே.

அக்கா


ஓர்ஹூஸ்
24 அக்டோபர் 2025

அக்கா, என் அக்கா,

திட்டவா? உட்கார்ந்து அழுதேன். பிறகு சிரித்தேன். மூன்று வருஷம் இதைத் தனியாகச் சுமந்தாயே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

கத்தி வாக்கியத்தையும் இடது கை வாக்கியத்தையும் திரும்பப் பெற்றேன். மெஷின் சமாதானமாகிவிட்டது. 'ஒருவர்-1 பூங்கனி' என்று எழுதியது. கீழே இன்னொரு வரியும் வந்திருக்கிறது:

முப்பத்தெட்டு மரங்களை ஒருவர்-2 வெட்டுகிறார்.

தொண்ணூறில் ஐம்பத்திரண்டு போக மீதி அது. எண்ணிக்கையில் எங்கோ தவறிவிட்டாய் போல. போகிறது விடு. கத்தியைச் சுயம்புராஜ் அண்ணனிடம் கொடு, படிவத்தில் கோடு போடு. ஜனவரி பன்னிரண்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். எனக்கு நீ வேண்டும்.

ஜெஸ்பின்


கீரிப்பாறை
16 நவம்பர் 2025

என் மக்கா,

எண்ணிக்கையில் தவறவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் ஐம்பத்திரண்டு மரம், அந்தப் பக்கம் முப்பத்தெட்டு. அந்த நாளுக்குப் பிறகு நான் ஓடையைத் தாண்டியதில்லை, கால் வராது. இக்கரையில் நின்று பார்த்தால் அக்கரைச் சிரட்டையெல்லாம் வெள்ளையாகத் தெரியும். மழைத் தண்ணீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் உனக்கு எழுதும்போது, பொய் எழுதாதே என்றாயே என்று, எல்லாச் சிரட்டையிலும் பால் இருப்பதாக எழுதிவிட்டேன்.

உன் மெயில் வந்த பிறகு, தண்ணீர் குறைந்த ஒரு காலையில் தாண்டிப் போனேன். பால்தான். வெட்டு இடப்பக்கம் சரிந்திருந்தது. என் வெட்டு மரத்தைப் புண்ணாக்கும், அங்கே பட்டை காகிதம்போலச் சீவியிருந்தது. காய்ந்த ஒட்டுப்பாலைச் சுருட்டிச் சிரட்டைக் கம்பியில் செருகி வைத்திருந்தது, முப்பத்தெட்டு மரத்திலும். அப்படிச் செருகுகிற பழக்கம் யாருக்கு என்று உனக்கும் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் நான் வேலைக்கே போகவில்லை. கத்தி அன்று முழுக்க ஆணியில்தான் தொங்கியது. மறுநாள் போய்ப் பார்த்தேன். தொண்ணூறு சிரட்டையிலும் பால் இருந்தது. இக்கரையில் என் வெட்டுப் புண்களைக்கூட யாரோ சீவி நேராக்கியிருந்தார்கள்.

எனக்குப் பயமில்லை மக்கா. வெட்கமாக இருந்தது, இத்தனை நாள் மோசமாக வெட்டிக்கொண்டிருந்தேனே என்று.

பேறுகால மருந்தும் பிள்ளைக்குத் துணியும் தாணம்மாள் மகன் அபினேஷிடம் கொடுத்தனுப்புகிறேன், அவன் டிசம்பரில் கோபன்ஹேகன் வருகிறான். உன் பிள்ளையை முதலில் கையில் வாங்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. என்னை மன்னித்துவிடு. டிக்கெட்டைத் திருப்பிக் கொடு. படிவத்தில் நான் கோடு போடப் போவதில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இறந்தவர் மரம் வெட்டுவதில்லை என்று உன் மெஷினில் ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதை நீ எடுக்க வேண்டாம். ஒருவர்-2க்கு மட்டும் பெயர் போட்டுவிடாதே. பெயர் போட்டால் அந்த வாக்கியம் அவரை நிறுத்திவிடும். நானும் சொல்ல மாட்டேன், எனக்குத்தான் பழக்கமாயிற்றே. ஒருவர் என்றே இருக்கட்டும்.

உன் அக்கா,
பூங்கனி