ஆரஞ்சு டப்பா

மார்ச் 6, ஞாயிறு

இன்றும் மோதிர விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சுண்டுவிரல் கேட்கிறது, ஆனால் போகச் சொன்ன கிட்டார் கம்பியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கம்பியில் போய் உட்காருகிறது. இத்தனை வருஷமாகப் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன், கையில் ஒரு கீறல் விழுந்ததில்லை. விழுந்தது ஒரே தடவை. கண்ணாடி இடது உள்ளங்கையில் நரம்பு வரைக்கும் இறங்கிவிட்டது. வலது கையாக இருந்திருக்கக் கூடாதா? சோறு தின்னக் கஷ்டப்பட்டிருப்பேன், அவ்வளவுதானே.

இசைக் குழுப் பயிற்சிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். தம்பி பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, அடுத்த மாசம் ஹோட்டல் நிகழ்ச்சி இருக்கு. அதுக்குள்ள கை சரியாகலேன்னா பல் டாக்டரைக் கூப்பிடலாமா?" என்றான். கூப்பிடலாமாவாம்! ஏற்கெனவே கூப்பிட்டுப் பேசி முடித்திருப்பான், எனக்குத் தெரியாதா அவனை.

பல் டாக்டர் பகலில் பல் பிடுங்குவார், சாயங்காலத்தில் கிட்டார் வாசிப்பார். ஒரு ஸ்வரம் பிசகாது. வாய் கொப்பளித்துத் துப்பியது போலச் சுத்தமாக இருக்கும். கேட்டு முடித்தவுடன் மறந்துவிடும்.

இந்தக் குழுவை ஆரம்பித்தவள் நான். நான் இல்லாமல் மேடை ஏறுவார்களா? ஏறுவார்கள். பயமாக இருக்கிறது.

மார்ச் 9

கிட்டார் கடைக்குப் போய், உள்ளதிலேயே விலை குறைந்த டிஸ்டார்ஷன் பெடலைக் கேட்டேன். காலால் மிதித்தால் கிட்டார் சத்தத்தைக் கிழித்துக் கரகரப்பாக்கித் தருகிற டப்பா. இதுவரை நான் தொட்டதில்லை. வாசிக்கத் தெரியாதவர்கள் ஒளிந்துகொள்கிற இடம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது எனக்கு ஒளிய ஒரு இடம் வேண்டும். அந்த இரைச்சலுக்குள் இரண்டு விரல் சரியாக அழுத்தாதது யாருக்குத் தெரியப்போகிறது?

ஆரஞ்சு நிறம். கேள்விப்படாத கம்பெனி. "இந்த விலைக்கு ரொம்ப எதிர்பார்க்காதீங்க. ரெண்டு பேர் வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றார் கடைக்காரர். ஏன் என்று கேட்டேன். "ஒருத்தர் இரைச்சல்னாரு. இன்னொருத்தர் ஒண்ணும் சொல்லல. கவுண்ட்டர்ல வச்சுட்டுப் போயிட்டார். காசுகூட வாங்கல."

வீட்டுக்கு வந்து, இதை வாங்கியவர்கள் எழுதியிருந்ததை எல்லாம் போனில் படித்தேன். விலைக்குப் பரவாயில்லை. பேட்டரி சீக்கிரம் தீருது. இரைச்சல். ஒருவர் மட்டும், 'பாதி ஆயுசு வாசிச்சாச்சு. நான் இவ்வளவு நல்லா வாசிப்பேன்னு இப்பதான் தெரியுது' என்று எழுதியிருந்தார். அவருக்குக் கீழே யாரோ, 'நீங்க இன்னும் வாசிக்கிறீங்களா?' என்று கேட்டிருக்கிறார்கள். பதில் இல்லை.

மார்ச் 10

வேலை செய்கிறது! செத்த விரல் வைத்த இடத்திலிருந்துகூட ஸ்வரம் முழுசாக வருகிறது. வீட்டுக்காரர் டிரைவிங் வகுப்பு முடித்து வரும்வரை வாசித்தேன். டீ ஆறிப்போயிருந்தது.

மார்ச் 13, ஞாயிறு

தம்பி வாயைப் பிளந்தான். டிரம்ஸ் வாசிக்கிற இடி (சொந்தப் பெயர் அவன் அம்மாவுக்கே மறந்திருக்கும்) குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினான். "பல் டாக்டருக்குப் போன் பண்ணி, வேற யாரோட பல்லையாவது பிடுங்கச் சொல்லுடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, கம்பியைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

தம்பி போனில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறான். "அக்காவோட இழுவை திரும்பி வந்துடுச்சு" என்று எழுதியிருக்கிறான்.

மார்ச் 14

இழுவை எப்படி வரும்?

அதை எழுதி வைக்கிறேன். கம்பியை மேலே தள்ளி, ஸ்வரத்தை உச்சிக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு மூச்சு நேரம் சும்மா நிறுத்தி, அப்புறம் மெதுவாக ஆட்டுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது நான்தான் என்று தெரியும். அதை எப்போதும் மோதிர விரலால்தான் செய்வேன். வேறு விரலுக்கு அது வராது.

மோதிர விரல் அசையவே இல்லை. ஆனால் பதிவில் இழுவை இருக்கிறது. பாட்டின் முடிவில், இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கிறது.

மார்ச் 16

கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். பெடலை அணைத்தால் சவ சவ என்று செத்த சத்தம். மிதித்தால் நான். அந்த வளையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விரலைப் பார்த்தேன். கம்பி மேல் சும்மா கிடந்தது. கம்பியும் வளையவில்லை.

கையை எடுத்தேன். ஸ்வரம் நிற்கவில்லை. ஒரு மூச்சு நேரம் நின்று, மெதுவாக ஆடி, அதுவாகவே அடங்கியது.

தம்பிக்குப் போன் போட்டேன். "ஐயோ அக்கா, மலிவுப் பெடல் எல்லாமே அப்படித்தான். ஸ்பீக்கர்ல வர்ற சத்தத்தைக் கிட்டாரே திரும்பப் பிடிச்சுக் கத்தும். இதுக்குப்போய்ப் பேயைப் பார்த்த மாதிரி பேசுறே" என்றான். சரிதான். கத்தும், எனக்கும் தெரியும். ஆனால் கத்துகிற சத்தத்துக்கு மூச்சு விடத் தெரியுமா?

மார்ச் 22

பிசியோதெரபி அம்மா கூப்பிட்டார். மூன்று தடவையாக வரவில்லையாம். "விரல் மடக்குறதை விட்டுட்டீங்கன்னா இறுகிப்போயிடும், அப்புறம் என்கிட்ட அழக்கூடாது" என்று திட்டினார். வேலை அதிகம் என்று புளுகினேன். எதற்குப் போக வேண்டும்? வர வேண்டியது வந்துவிட்டதே.

ஏப்ரல் 2

காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஆள்காட்டி விரல் மரத்துக் கிடந்தது. கையை மடித்துப் படுத்திருப்பேன்.

ஏப்ரல் 4

மடித்துப் படுக்கவில்லை. இன்றும் மரத்திருக்கிறது. நடுவிரலும் சேர்ந்துகொண்டது. வாசிப்பு மட்டும் நாளுக்கு நாள் நன்றாக ஆகிறது.

ஏப்ரல் 9, சனி

ஹோட்டல் நிகழ்ச்சி. எழுதவே கை வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். பல் டாக்டரும் வந்திருந்தார். கடைசிப் பாட்டு முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எப்படிங்க? எப்படி?" என்று மட்டும் கேட்டார். என் கையைப் பார்க்கவில்லை, தரையில் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

ஏப்ரல் 10, ஞாயிறு

இவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து இருக்கை ஆளின் கையையும் காலையும் பார்த்தே பிழைப்பவர். இன்று காபி குடிக்கும்போது கேட்டார்.

"கடைசிப் பாட்டுல உன் கை சும்மாதானே இருந்தது?"

"எந்தக் கை?"

"ரெண்டும்."

சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் நினைவு வருகிறது. கண்ணை மூடியிருந்தேன். வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். இல்லை, கேட்டுக்கொண்டிருந்தேனா?

ஏப்ரல் 14

சட்டம் போடுகிற கடையில் ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கினேன். பிடித்திருக்கிறேன் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. காலடியில் விழுந்து நொறுங்கியது. முதலாளி ஓடிவந்து என்னை இழுத்திருக்காவிட்டால் பாதம் போயிருக்கும். அவர் திட்டியதைவிட, திட்டி முடித்துவிட்டு "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டதுதான் தாங்கவில்லை.

கையைத் தைத்த டாக்டரிடம் போனேன். ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். "இந்த விரல்கள்ல அடியே படல. நரம்பு நல்லா இருக்கு. ஏன் உணர்ச்சி இல்லேன்னு எனக்கே புரியல" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆரஞ்சுச் சனியன் விரலை எனக்குத் தரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 17, ஞாயிறு

இவரையும் கூட்டிக்கொண்டு போய், பயிற்சியில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இனி வாசிக்கவில்லை. கை சரியானால் பார்க்கலாம். தம்பி கெஞ்சினான், அப்புறம் கோபித்தான். "இவ்வளவு நல்லா வாசிச்சுட்டு இப்பப் போய் விளையாடுறியா?" இவர் கேட்டதைச் சொன்னேன், கண்ணாடி விழுந்ததைச் சொன்னேன். தம்பி என்னைவிட்டு இவரைப் பார்த்தான், 'மாமா, நீங்களுமா' என்பதுபோல.

சாயங்காலம் பல் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றார். "உங்க இடத்துக்கு நான் வந்துட முடியாதுங்க. ஆனா அந்தப் பெடலைக் குடுத்தா கொஞ்சம் முயற்சி பண்ணலாம்."

தூக்கிப் போடத்தான் வைத்திருந்தேன். இரண்டு நாளாகக் குப்பைத் தொட்டி வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பினேன். என் இழுவை அதற்குள் இருக்கும்போது எப்படிப் போடுவது?

"கையைப் பார்த்துக்கோங்க டாக்டர். விரல் மரத்துப்போச்சுன்னா உடனே அணைச்சுடுங்க" என்றேன். ஷாக் அடிக்கும் என்று சொல்கிறேன் என நினைத்துத் தலையாட்டினார். அடிபட்ட கைக்குத்தான் அப்படி நடக்கும், நல்ல கையை ஒன்றும் செய்யாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டு கொடுத்தேன்.

ஏப்ரல் 25

சட்டைப் பொத்தான் போட்டேன். எல்லாப் பொத்தானும்.

மே 11

பிசியோதெரபி அம்மா ஒரு பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். மோதிர விரல் அழுத்தியது! லேசாகத்தான், ஆனால் அழுத்தியது. அவரும் நானும் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மே 29, ஞாயிறு

கிட்டாரை எடுத்தேன். பெடல் இல்லை, ஒன்றும் இல்லை. விரல்கள் போகிற இடத்துக்குப் போகின்றன. மெதுவாக, குழந்தை நடப்பதுபோல, ஆனால் போகின்றன. ஒரு பாட்டு முழுசாக வாசித்தேன்.

கடைசியில் இழுவைக்கு வந்தேன். மோதிர விரல் கம்பியைத் தள்ளியது. உச்சிக்குப் போனது. நின்றது. அப்புறம்... அப்புறம் என்ன செய்வேன்? எவ்வளவு நேரம் நிறுத்துவேன்? எப்படி ஆட்டுவேன்? ஆட்டிப் பார்த்தேன். யாரோ புதுசாகக் கற்றுக்கொள்கிறவர் ஆட்டுவதுபோல இருந்தது. மேலே எழுதி வைத்திருப்பதைப் படித்துப் படித்துச் செய்தேன். வரவில்லை. எனக்கு அது தெரியவில்லை.

இவர் சமையலறையில் இருந்து, "நல்லா வருதே" என்றார். பாவம், ஆறுதலுக்குச் சொல்கிறார்.

ஜூன் 5, ஞாயிறு

பயிற்சி நடக்கிற வீட்டு வாசலில் நின்று கேட்டேன். உள்ளே போகவில்லை. இழுவை வந்தது. ஒரு மூச்சு நேரம் நின்று, மெதுவாக ஆடியது. நான் வெளியே நிற்கிறேன், உள்ளே நானே வாசிக்கிறேன். செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 16

இவருடைய வகுப்புக்கு வருகிற ஒரு பெண் சொன்னாளாம். பல் டாக்டர் அவள் வாய்க்குள்ளேயே ஊசியைத் தவறவிட்டாராம். நர்ஸ் எடுத்திருக்கிறாள்.

ஜூன் 18

கிளினிக்குக்குப் போனேன். மதியம், ஆளே இல்லை. நோயாளி உட்காருகிற சாய்வு நாற்காலியில் அவரே சாய்ந்திருந்தார். கை இரண்டும் மடியில் கிடந்தன.

"குடுத்துடுங்க டாக்டர். அதை உடைச்சுடலாம்" என்றேன். அவருடைய கைக்காகக் கேட்டேனா, உடைத்தால் என் இழுவை எனக்கே திரும்பி வரும் என்று கேட்டேனா? இரண்டுக்கும்தான். பொய் எதற்கு?

"எங்க வீட்ல நான் கிட்டாரை எடுத்தா டிவி சத்தத்தைக் கூட்டுவாங்க" என்றார். "போன வாரம் என் பொண்ணு கதவோரம் நின்னு கேட்டா. என்னம்மான்னு கேட்டேன். அழுதுட்டா. இத்தனை வருஷத்துல நான் வாசிச்சு ஒருத்தர்கூட அழுததில்லைங்க."

"அது நீங்க இல்ல டாக்டர். அது நான்."

"தெரியும்" என்றார். கொஞ்சம்கூடக் கோபமில்லாமல் சொன்னார். "நீங்க அதை விட்டுட்டுப் போனீங்க. நான் விடமாட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கிருந்த பல் பிடுங்குகிற இடுக்கியை எடுத்து அவரையே... என்ன பேசுகிறேன். எழுந்தேன். கதவைத் திறந்துவிட அவர் எழுந்து வந்தார். கைப்பிடியை அவரால் திருப்ப முடியவில்லை. நானே திறந்துகொண்டேன்.

ஜூலை 3

கிளினிக் வாசலில் வேறு டாக்டர் பெயர் போட்ட பலகை.

ஜூலை 16, சனி

தம்பி டிக்கெட் அனுப்பியிருந்தான். பெரிய அரங்கம், நாங்கள் ஒருநாளும் வாசிக்காத அளவு பெரியது. இவரும் நானும் நான்காவது வரிசையில் உட்கார்ந்தோம். பல் டாக்டருக்குக் கிட்டாரைத் தோளில் மாட்டிவிட்டது தம்பிதான். பெடலைக் காலால் மிதித்தார். அது ஒன்றுதான் அவர் செய்தது. கை இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒருவரும் கையைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். இவர் மட்டும் ஒரு தடவை கையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டார்.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.

முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டிருந்தாள். நானும் எழுந்தேன். கை தட்டினேன். பத்து விரலும் நன்றாகத் தட்டுகின்றன.