வாழ்நாள் உரிமமும் காற்றோட்டக் குழாயும்

நவம்பர் 24, திங்கள்

ஈரப்பனி. அம்மருட் ரயில் நிலையத்திலிருந்து வீடுவரை சேறு. வழுக்காமலிருக்கச் சரளை இன்னும் தூவவில்லை. குடியிருப்புச் சங்கத்துக்குப் புகார் அனுப்பியாயிற்று.

இசைப்பதிவு மென்பொருள் நிறுவனத்திடமிருந்து மூன்றாவது மின்னஞ்சல். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே தடவையில் வாங்கிய வாழ்நாள் உரிமம் என்னிடம் உண்டு (இனி: வா.உ.). இப்போது அவர்கள் தரும் தெரிவுகள்:

அ. வா.உ. தொடரும். பழைய பதிப்பு மட்டும்.
ஆ. வா.உ. முடிவுக்கு வரும். மாதச் சந்தா (இனி: மா.ச.). புதிய பதிப்பு.

புரட்டிப் பார்த்ததில், 'முடிவுக்கு வரும்' என்பது பக்கம் 11இல், சிறிய எழுத்தில். முன்னால் இருப்பது 'மேம்படுத்துங்கள்' என்ற பச்சைப் பொத்தான். கொள்ளையடிக்க வருபவன்கூட இவ்வளவு இளித்துக்கொண்டு வரமாட்டான்.

நிபந்தனைகள் முப்பத்தொரு பக்கம். ஒழுங்காக வாசித்ததில் இன்று நான்கு முடிந்தது.

நவம்பர் 26, புதன்

மழை. மூன்றரைக்கே இருட்டு.

மகள் சங்கவி ட்ரொண்ட்ஹெய்மில் ஓர் இசைக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள். வயலின். மூன்று பதிவுகள், டிசம்பர் 15க்குள். பதிவறை என்று சொல்லிக்கொள்வது நிலவறையில் எங்கள் சாமான் அறை: கோடைகால டயர்கள், அரிசி மூட்டை, ஒலிவாங்கி, கணினி. சுவரின் பின்னே காற்றோட்டக் குழாய். அதன் உறுமல் எல்லாப் பதிவிலும். பழைய பதிப்பால் அதை நீக்க முடியாது, புதியதால் முடியுமாம்.

"சொக்நாட்ஸ்பிறிஸ்ட் பதினைஞ்சாம் திகதி, அப்பா. நீங்கள் இன்னும் நாலாம் பக்கத்திலை."

விண்ணப்பத்தின் இறுதித் திகதிக்கு இந்த நாட்டுச் சொல்தான் அவள் வாயில் வரும். ஏழாம் பக்கம் என்று திருத்தினேன். பதினெட்டு வயதானால் அவசரத்தையும் உரிமை என்று நினைக்கிறார்கள்.

நவம்பர் 29, சனி

ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து கேதீஸ். மனைவியின் தம்பி, பஸ் ஓட்டுகிறான், மிருதங்கம் நன்றாக வாசிப்பான், அதை மறுப்பதற்கில்லை. பச்சைப் பொத்தானை அமத்தினால் முடிந்தது என்று மதியச் சாப்பாடு முழுவதும் உபதேசம். நிபந்தனைகளை வாசிக்காமல் சம்மதிப்பதில்லை என்றேன்.

"அத்தான், உங்கடை கலியாணத்துக்கும் இவ்வளவு வாசிச்சனீங்களோ?"

மனைவி சிரித்தாள். தேவையில்லாத சிரிப்பு.

வாங்க வேண்டியவை: மை, கோப்புறை, வெந்தயம்.

நவம்பர் 30, ஞாயிறு

கோயில் நிர்வாகக் கூட்டம். யாப்பு விதிகளில் திருத்தம், மூன்று மணி நேரம், ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

திரும்பி நிலவறைக்குப் போனால் திரை வேறு நிறம். புதிய பதிப்பு. மிருதங்கத்தோடு மறுபடி வந்திருந்த கேதீஸ் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டான். என் கணக்கில், என் பெயரில், முப்பத்தொரு பக்கத்துக்கும் சம்மதம்.

"அது ஒரு கேள்வி கேட்டது. ஓம் எண்டனான். இரைச்சல் போயிட்டுது, கேட்டுப் பாருங்கோ."

கேட்டேன். உறுமல் இல்லை. சங்கவியின் வில் நரம்பைத் தொடும் அந்த முதல் நொடிகூடத் தெளிவு. நன்றாக இருந்தது. ஆனால் பிரச்சினை அதுவன்று.

இனி என் கணினியைத் தொட வேண்டாம் என்றேன். மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் போனான். மனைவி அவனுடைய தட்டைத் திருப்பி அலுமாரியில் வைத்தாள். சங்கவி கதவை மூடிய சத்தம் மேல்மாடிக்கும் கேட்டிருக்கும்.

டிசம்பர் 2, செவ்வாய்

உறைபனி. சரளை தூவியிருக்கிறார்கள், என் புகாரின் பலன்.

பதினான்கு நாட்களுக்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை. ஒன்பது பக்கக் கடிதம் அனுப்பினேன். வாதங்கள்: உரிமதாரராகிய நான் சம்மதிக்கவில்லை, முக்கிய விளைவு மறைக்கப்பட்டது, பொத்தானின் நிறமே ஒரு தூண்டுதல். மறுப்பார்கள். இரண்டாவது கடிதமும் தயார்.

சங்கவி மூன்றையும் பதிந்துவிட்டாளாம். கோப்பாக வெளியே எடுப்பது மட்டும் பாக்கி, சனிக்கிழமை செய்வாளாம். விலகல் பற்றி அவளிடம் சொல்லவில்லை. பதில் வர மூன்று வாரமாவது ஆகும். நான் வேலை செய்யும் மாநகர மேன்முறையீட்டுப் பிரிவில் ஐந்து.

டிசம்பர் 3, புதன்

08.40. பதில். விலகல் ஏற்கப்பட்டது, வா.உ. மீளளிக்கப்பட்டது, இனிய நாளாகட்டும்.

ஒன்பது பக்கத்துக்கு இரண்டு வரி. வாசிக்கவே இல்லை, அயோக்கியர்கள். எனினும் வென்றேன்.

டிசம்பர் 6, சனி

சங்கவி நிலவறையிலிருந்து சப்பாத்தோடு வரவேற்பறைக்குள். மூன்று பதிவும் திறக்கவில்லை. புதிய பதிப்பில் சேமித்தவற்றைப் பழைய பதிப்பு திறக்காது. பக்கம் 19. வாசித்தேன், அடிக்கோடும் இட்டிருக்கிறேன், நிறுவனத்தின் கெட்ட எண்ணத்துக்குச் சான்றாக. விலகல் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

"எப்ப அனுப்பினீங்கள்?"

"செவ்வாய்."

"எனக்குச் சொல்லேல்லை."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் இருந்தது.

அடுப்படியிலிருந்து மனைவி, ஆறு நாட்களில் முதல் வாக்கியம்: "அவன் ஒரு பொத்தான் அமத்தினவன். நீங்கள் ஒன்பது பக்கம் எழுதினனீங்கள்."

டிசம்பர் 7, ஞாயிறு

நிறுவனத்தின் அரட்டைப் பெட்டியில் ஐம்பது நிமிடம். என் கணக்கில் மா.ச. எடுத்தால் பதிவுகள் திறக்கும். ஆனால் இரண்டாம் முறை விலக முடியாது, வா.உ. நிரந்தரமாகப் போகும். ஒரே வீட்டில் இன்னொருவர் பெயரில் கணக்கு? சரத்து 6 தெளிவில்லை. எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன்.

சங்கவியிடம் புதன்வரை பொறுக்கச் சொன்னேன். தலையாட்டினாள் என்று எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 10, புதன்

சரத்து 6 பற்றிப் பதில் இல்லை.

மாலையில் முடிவெடுத்தேன்: மா.ச. எடுக்கிறேன், வா.உ. போகட்டும். கடவுச்சொல்லுடன் நிலவறைக்குப் போனேன். ஒலிவாங்கி இல்லை. பதிவுகள் இருந்த வட்டு இல்லை. டயர்கள், அரிசி, என் கணினி.

ஒன்பது மணிக்குச் சங்கவி ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து வந்தாள். தன் பெயரில் கணக்கு, மாமாவின் கணினி. மூன்றும் விண்ணப்பத்தோடு போய்விட்டன.

"ஒரு மாசத்துக்கு எடுத்தனான். அதுக்குப் பிறகு தேவையில்லை."

நிபந்தனைகளை வாசித்தாயா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இல்லை."

பதிவுகளை நானும் கேட்கலாமா?

"மாமாட்டை இருக்கு. அவரிட்டைக் கேளுங்கோ."

டிசம்பர் 11, வியாழன்

மைனஸ் ஒன்பது. வா.உ. செல்லுபடியாகிறது; சரிபார்த்தேன்.

கேதீஸுக்கு ஒரு குறுஞ்செய்தி. தவறை ஒப்புக்கொள்வதாகப் பொருள்படக் கூடாது, பதிவுகளையும் கேட்க வேண்டும். முதல் வரைவு: பதினான்கு வரி. நீக்கம். இரண்டாவது: ஆறு. நீக்கம்.

மூன்றாவது, இதுவரை: "தம்பி,"