ஒரு கை போதும்

1997 ஆகஸ்ட் 6, புதன்

கந்தோரில் இன்று ஒரு தேங்காய் எண்ணெய் ஆலைக்குத் தீக் காப்புறுதி போட்டேன். ஆபத்தை அளந்து விலை சொல்வது என் தொழில். மத்தியானம் பக்கத்து மேசைக் கிளறன்ஸ் என்னை ஒரு பயணத்துக்குக் கூப்பிட்டான். அதற்கு எந்தக் கம்பனியும் விலை சொல்லாது.

அவன் ஒக்டோபரில் குடும்பத்தோடு மெல்பேர்ணுக்குப் போகிறான். அவன் பறங்கி, ஒல்லாந்தர் கலப்பில் வந்த சந்ததி. கொட்டாஞ்சேனைப் பறங்கிகளில் இனி மிச்சம் கல்லறைகள்தான். போவதற்கு முன் அக்கரப்பத்தனைக்கு மேலே, ரோட்டு முடிந்து அதற்கும் அப்பால் இருக்கிற ஒரு தோட்டத்து ஊருக்குப் போய்ப் பாறை ஏற வேண்டுமாம். பாறைக்கு மேலே ஓடுகிற ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்க வேண்டுமாம். வெள்ளைக்காரன் விட்டுப்போன மீன். அதற்குப் புழு போடுவதில்லை. இறகால் ஒரு பூச்சி கட்டி, அதற்கு உயிர் இருப்பதாக மீனை நம்பவைக்க வேண்டும்.

"ட்ரெயின்ல போனா ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் உன்னை இறக்குவாங்க மச்சான். லொறில போவம். கையைக் காட்டினா நிப்பாட்டுவான்."

யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டை சொல்லும் ஒருவன், கயிறும் கொக்கியும் மலைநாட்டு வரைபடமுமாக, முன்பின் தெரியாத வாகனங்களைக் கைகாட்டி நிறுத்துவது. பொலிஸ் மொழியில் எழுதினால் இது வேறு கதை.

முடியாது என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முடியாது என்று மறுபடியும் சொன்னேன். குரல் முந்தியதைவிடச் சிறியது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மனைவி ஜெகதியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"போட்டு வாங்கோ," என்றாள். "ரெண்டு வருசமா கந்தோரும் வீடும்தான். உங்களைப் பாக்க எனக்கு மூச்சு முட்டுது."

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் என்னை அள்ளிக்கொண்டு போய்ச் சில நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். விட்டவர்கள் மறந்திருப்பார்கள்.

கொழும்பை விட்டு இரவு தங்கப் போவதென்றால் பொலிஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவது எங்கள் ஆட்களின் வழக்கம். பதிந்த தலைகளும் வீட்டில் இருக்கிற தலைகளும் ஒத்திருக்க வேண்டும். ஆனால் என்னவென்று சொல்வது? செத்தவீடு ஒரு காரணம். கண் ஒப்பரேஷன் ஒரு காரணம். மீன் பிடிப்பது காரணமே அல்ல.

"ரெண்டு இரவுதானே. ஆர் வரப்போகினம்?" என்றாள் ஜெகதி.

தொழில் முறைப்படி ஆபத்தை அளந்தேன். குறைவு என்று வந்தது.

ஆகஸ்ட் 16, சனி

ஊருக்கு வந்துவிட்டோம். மயிலம்மா என்பவரின் தேத்தண்ணிக் கடைப் பின்னறையில் இருந்து எழுதுகிறேன்.

ஒருகொடவத்தையில் மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லொறி ஒன்று ஏற்றிக்கொண்டது. வெறும் சாக்குகள், லீக்ஸ் மணம். தடைமுகாம்களில் கிளறன்ஸ் சிங்களத்தில் பகிடி விட்டான். நான் தூங்குவதாக நடித்தேன். அவ்வளவு விறைப்பாக எவரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

தலவாக்கலை தாண்டி இறக்கிவிட்டார்கள். மழை, மூடுபனி. "வாகனம் வந்தா விட்டுடாதே," என்று சொல்லிவிட்டுக் கிளறன்ஸ் ஒதுங்கத் தேயிலைக்குள் போனான். பனிப்புகாருக்குள் இரண்டு வெளிச்சம் வந்தது. கையைக் காட்டினேன்.

இரண்டு கையையும்.

தலைக்கு மேலே, விரல்களை விரித்து. யோசித்துச் செய்யவில்லை. முகத்தில் வெளிச்சம் அடித்தால் என் கைகளுக்குத் தெரிந்தது அதுதான்.

நின்றது ஆமி ட்ரக்.

முன்னால் இருந்த சிப்பாய் என்னை நெடுநேரம் பார்த்தான். பிறகு சிங்களத்தில், மெதுவாக: "ஒரு கை போதும் மஹத்தயா."

ஏறச் சொன்னார்கள். கிளறன்ஸ் காற்சட்டையைப் பூட்டிக்கொண்டே ஓடிவந்தான். அவனுக்கு ஒரே சந்தோஷம். பத்துப் பன்னிரண்டு துவக்குகளுக்கு நடுவே மடியில் கயிற்றோடு இருந்தேன். ஒருவரும் அட்டை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஏன் கேட்கவில்லை என்று வழி முழுக்க யோசித்தேன். தந்த பிஸ்கட்டை நுனியிலிருந்து துளித்துளியாகக் கடித்தேன். ருசித்துச் சாப்பிடுகிறேன் என்று நினைத்து இன்னொன்று தந்தார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பாறை ஏறினேன். மேலே இருந்து கிளறன்ஸ் கயிறு பிடித்தான். பாதியில் ஒரு வெடிப்புக்குள் விரல்களைச் செருகிக்கொண்டு நின்றேன். கீழே பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. பயம்தான், ஆனால் எனக்குப் பழக்கமில்லாத பயம். பாறை என் பெயரைக் கேட்கவில்லை. விழுந்தால் கால் வழுக்கியதற்காகத்தான் சாவேன்.

பின்னேரம் ஒரே ஒரு மீன். அதன் விலாவில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு. கிளறன்ஸ் கையை நனைக்கச் சொல்லி என்னிடம் தந்தான். கொக்கியைக் கழற்றினான்.

"இப்ப விடு."

தண்ணீருக்குள் கையைத் திறந்தேன். அது உடனே போகவில்லை. திறந்த கைக்குள்ளேயே கொஞ்சநேரம் நின்றது.

மயிலம்மாவுக்குக் கோபம். "ஏங்க, புடிச்சதத் திரும்ப விடுறதுக்கா கொழும்புலேருந்து வந்தீங்க? ஒரு கொழம்பு வச்சிருப்பேன்ல!"

ஆகஸ்ட் 18, திங்கள்

வீட்டில் ஜெகதி இல்லை.

வீட்டுக்காரி நஸீறா படியிலேயே நின்றா. "தம்பி, நேத்து பொலிஸ் வந்து வீடு வீடாப் பாத்த. நீங்க இல்லயெண்டதும் அவவக் கூட்டிட்டுப் போன. நானும் பின்னாலயே போய்க் கதச்ச. அவவ உடல்ல தம்பி."

நேற்று. நேற்று நான் மீனைப் பிடிச்சு விட்டுக்கொண்டு நிண்டனான்.

எழுத வருகுதில்லை. ஏன் எழுதுறன்? ஸ்டேஷனுக்குப் போறன். கிளறன்ஸ் கீழ நிக்கிறான். கயிறு இன்னும் தோளிலதான் கிடக்கு —

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று காலை விட்டார்கள். முறையாக எழுதி வைக்கிறேன்.

ஜெகதி அவர்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள்: என் மனுசன் மலைக்கு மீன் பிடிக்கப் போனவர். அதிகாரி என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, மீன் எங்கே?

"விட்டுட்டம் சேர்," என்றான் கிளறன்ஸ்.

"பிடிச்ச மீனை எவன் விடுவான்?"

"இங்கிலிஷ்காரன் விடுவான் சேர்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீ இங்கிலிஷ்காரனா?"

எப்படிப் போனாய் என்றார். அதற்கும் உண்மையைச் சொன்னேன்: ஆமி ட்ரக்கில். அவர் பேனையைக் கீழே வைத்தார். கயிற்றோடு ஆமி ட்ரக்கில் ஏறிய யாழ்ப்பாணத்தான். பொய் சொல்லியிருந்தால் அன்றே வீட்டுக்கு வந்திருப்பேன்.

ஜெகதியை விட்டார்கள். என்னை வைத்துக்கொண்டார்கள். அவள் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பலாமா என்று தெரியாமல் நடந்தாள் என்று நினைக்கிறேன்.

கிளறன்ஸ் கந்தோருக்கு லீவு போட்டு, டை கட்டி, ஸ்டேஷன் மர வாங்கில் குந்தியிருந்தான். மாறி மாறி வந்த ஒவ்வொரு அதிகாரிக்கும் கதையை முதலிலிருந்து சொன்னான். கடைசியில் ஒருவர், அவன் தொல்லை தாங்காமல், மலையில் உள்ள முகாமுக்கு டெலிபோன் எடுத்தார். அங்கே யாரோ சிரித்தது எனக்கே கேட்டது.

ரிசீவரை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இரண்டு கையையும் தூக்கினது நீதானா?"

ஓம் என்றேன். போகச் சொன்னார்கள். நான் உடனே எழும்பவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

அந்த இரவைப் பற்றி ஜெகதி ஒன்றும் சொல்வதில்லை. கேட்டால், "ஒண்டுமில்லை, கதிரையில இருந்தனான்."

இன்று சமைக்கும்போது அவளாகக் கேட்டாள். "மீன் எப்பிடி இருந்தது?"

சொன்னேன். இளஞ்சிவப்புக் கோட்டைச் சொன்னேன், தண்ணீரின் குளிரைச் சொன்னேன். பிறகு, சிரிப்பாள் என்று, இரண்டு கையையும் தூக்கிய கதையையும் சொன்னேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

செப்டம்பர் 3, புதன்

இன்று ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத நாட்களுக்குக் காப்புறுதி போடலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸ் வீட்டில் பிரியாவிடைச் சாப்பாடு. தூண்டில் தடியை எனக்குத் தந்தான். "வேண்டாம் மச்சான், இதோட எங்க போறது?" என்றேன். "ஒரு நாளைக்குப் போவாய்," என்றான். ஜெகதி கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

வெளியே வரும்போது பெருமழை. பட்டப்பகலில் வாகனங்கள் எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. நான் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். த்ரீவீலர் பிடிக்க ஜெகதி தூண்டில் தடியை என் தோளில் சாய்த்துவிட்டு ரோட்டோரம் போனாள். ஒரு விளக்கு அவள் முகத்தில் அடித்தது.

இரண்டு கையையும் தூக்கினாள். விரல்களை விரித்து.

பக்கத்தில் போய் நின்றேன். ஒரு கையைப் பிடித்து மெல்ல இறக்கினேன். மற்றக் கையைக் கண்டு த்ரீவீலர் நின்றது.