பின்சக்கரத்தோடு அப்பா பட்ட பாடு

என் அருமை வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அப்பா சுகம், பைக்கும் நேற்று சாயங்காலத்திலிருந்து சுகம். அங்கே உனக்குச் சளி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரிந்துவிட்டால் எனக்கு வேறு கவலை இல்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்பார், இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். அங்கே போனால் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துத்தான் வருவார், அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

பைக்கின் பின் பிரேக் ஒரு மாதமாகவே சரியில்லை. மிதித்தால் கால் தரை வரைக்கும் போகிறது, வண்டி தன் இஷ்டத்துக்கு நிற்கிறது. மெக்கானிக்கிடம் விடுங்கள், அரை மணி வேலை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! முப்பது வருஷம் அச்சகத்துல மெஷினைப் பிரிச்சு மாட்டினவன், ஒரு பிரேக் ஷூ மாத்தறதுக்கு இன்னொருத்தன்கிட்ட போனா ஊர் சிரிக்கும் என்றார். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறதா, கை சும்மா இருந்தால் அவருக்கு அரிக்கும். சரி, ஆசைக்குச் செய்யட்டும் என்று விட்டேன். முதல் நாள் கடையிலிருந்து வாங்கி வந்தது வேறு வருஷத்து வண்டிக்கான ஷூ. வண்டியின் பெயர் ஒன்றுதான், ஆனால் சாமான் நகக்கண் அளவுக்குப் பெரிசு. அது தெரியாமல் இரண்டு மணி நேரம் அதை உள்ளே திணிக்கப் பார்த்தார். திரும்பக் கொண்டுபோனால் கடைக்காரர், அட்டையிலயே எழுதியிருக்கே, படிக்கலையா என்று கேட்டாராம். கண்ணாடி போட்டால் வியர்வை வழிகிறது என்று அதைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு வேலை செய்கிற மனுஷன் எதைப் படிப்பார்? வீட்டுக்கு வந்து, அந்த ஆளுக்கு மரியாதையே தெரியலை என்று என்னிடம் பாய்ந்தார். நான் என்னடி செய்தேன்?

மறுநாள் சரியான அளவு வந்தது, ஸ்பிரிங் மக்கர் பண்ணியது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், எனக்கே இப்போதுதான் புரிந்தது. ஷூ என்பது பிறை மாதிரி இரண்டு துண்டு, அந்த இரண்டையும் சேர்த்து இழுத்துப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங். ஒன்றை மாட்டினால் மற்றது துள்ளும். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பிடி, நல்லா பிடி, விடாதே, இப்ப விடு, ஐயோ ஏன் விட்ட என்று ஒரே மூச்சில் சொன்னால் நான் எதைப் பிடிப்பது, எதை விடுவது? ஒரு ஸ்பிரிங் டங்கென்று எகிறிப் பறந்தது. வாசலையே சல்லடை போட்டுச் சலித்தும் கிடைக்கவில்லை. நீதான் பெருக்கித் தள்ளியிருப்பே என்று பழி வேறு. சாயங்காலம் மாடி வீட்டு வங்கிக்காரர் அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். காலையில் அவர் ஸ்கூட்டரில் மாட்டி வைத்திருந்த சாப்பாட்டுப் பைக்குள் போய் விழுந்திருக்கிறது. மத்தியானம் டப்பாவோடு அது வெளியே வந்ததும், பாவம், தன் பல்லில் கட்டியிருந்த கம்பிதான் கழன்றுவிட்டது என்று பயந்து பல் டாக்டருக்கே போன் போட்டுவிட்டாராம்.

மூன்றாம் நாள்தான் வினை வந்தது. ஸ்பிரிங் எல்லாம் மாட்டியாயிற்று, ஆனால் புது ஷூ மாட்டிய தட்டு சக்கரத்துக்குள் உட்காரவே மாட்டேன் என்கிறது. தட்டினார், உருட்டினார், கெஞ்சினார், கெட்ட வார்த்தையும் சொன்னார் (நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்). கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிப் பழைய ஷூ பக்கத்திலேயே வீசிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். உனக்குத்தான் என் குணம் தெரியுமே, குப்பைக்குப் போகிற பொருளாக இருந்தாலும் கழுவாமல் போட மாட்டேன். குப்பை வண்டிக்காரர்கூட, உங்க வீட்டுக் குப்பையில சோறு போட்டுச் சாப்பிடலாம்மா என்பார். எண்ணெயும் கரியுமாக நாலு ஷூவும் கிடப்பதைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? நாலையும் சோப்புப் போட்டு, இரும்பு நாரால் தேய்த்துக் கழுவினேன். பளபளவென்று வந்த இரண்டும் புதுசு என்று காகிதத்தில் வைத்தேன், கறை போகாத இரண்டையும் பழைய சாமான் சாக்கில் போட்டேன். அவர் எழுந்து வந்தார், கண்ணாடி இல்லாமலேயே மாட்டினார், சக்கரத்துக்குள் அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பாத்தியா, பொறுமைதான் வேணும் என்று எனக்கு உபதேசம் வேறு செய்தார்.

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். தெருக்கோடியில் ஒரு வீடு கட்டுகிறார்கள். அங்கே போய் மிதித்திருக்கிறார், வண்டி நிற்கவில்லை, இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போய் மணல் குவியலில் சொருகி நின்றார். அடி ஒன்றும் இல்லை, பயப்படாதே. இடுப்பு வரை மணலில் உட்கார்ந்திருந்தவரிடம் கொத்தனார், மணல் வேணும்னா கேட்டிருக்கலாமே, நானே ரெண்டு சட்டி அள்ளிக் கொடுத்திருப்பேனே என்றாராம். அந்தக் கொத்தனாரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, கை போயிடுச்சு, வயசாயிடுச்சு, அவ்வளவுதான் என்றார். மறுநாளே மாடி வீட்டுக்காரரிடம், வண்டியை நீங்களே எடுத்துக்குங்க, ரிப்பேர் பண்ணி ஓட்டுங்க என்று சொல்லிவிட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை பழைய சாமான்காரர் வந்தார். சாக்கைக் கவிழ்த்தால் அந்த இரண்டு ஷூவும் விழுந்தன. கறையாக இருந்தாலும் தடிமன் தடிமனாக இருந்தன. தேய்ந்து போனது எப்படி இத்தனை தடிமனாக இருக்கும்? அப்படியானால் அவர் மாட்டியது? நைசாக அதை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டேன். உடனே சொல்லியிருக்க வேண்டும்தான். சொன்னால் சாகிற வரைக்கும் எனக்கு இதே பாட்டாக இருக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன். சனிக்கிழமை சமையலறைக் குழாய் ஒழுகியது. அப்பா பார்த்தார், எழுந்திருக்கவே இல்லை, பிளம்பரைக் கூப்பிடு என்றார். ஒரு வாஷருக்கு, உன் அப்பா, பிளம்பரைக் கூப்பிடச் சொன்னார்! வண்டி போனால் போகட்டும், இந்த மனுஷன் போய்விடுவார் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

அந்த நிமிஷமே ஷூவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டப்போகிறார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஷூவைத் தடவிக்கொண்டிருக்கிறார். அப்ப நான் மாட்டினது பழசா, அப்ப என் கை மேல தப்பு இல்லையா, இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். நீ கழுவினியா, நீதான் கழுவினியா, இன்னொரு தடவை சொல்லு என்றார். மூன்று தடவை சொல்ல வைத்தார் கிராதகர். அதோடு விட்டாரா? கொத்தனாரிடம் கூட்டிப்போய்ச் சொல்ல வைத்தார், மாடி வீட்டுக்காரரிடம் சொல்ல வைத்தார், வண்டி கொடுக்கறதுக்கில்லை என்று அவரே சேர்த்துச் சொன்னார். தெருவுக்கே நான் குற்றவாளி, அவர் மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார்.

கண்ணாடியோடு பார்த்ததும் மற்றதும் தெரிந்துவிட்டது. பழசு தேய்ந்து வழவழவென்று ஆனதால்தான் கழுவியதும் பளபளத்ததாம், புதுசில் அவர் கை எண்ணெய் ஊறியதால்தான் கறை போகவில்லையாம். பிரேக் கம்பியின் நுனியில் ஒரு நட் இருக்கிறது, அதைத் தளர்த்தினால்தான் புது ஷூ உள்ளே போகுமாம். ஷூவை உப்புத்தாளால் தேய்த்து, அரை மணியில் மாட்டிவிட்டார். என்னைப் பின்னால் உட்கார வைத்து நம் தெருவிலேயே ஓட்டிக்கொண்டு, வீட்டுக்கு வீடு பிரேக் போட்டுக் காட்டினார். என் நெற்றி அவர் ஹெல்மெட்டில் முட்டி வீங்கியிருக்கிறது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வரும்போது எனக்கு அழுகைதான் வந்தது வாலு. திட்டுக்குப் பயந்து நான் ஒரு நாள் வாயை மூடியிருந்தேன், அந்த ஒரு நாளும் இவர் தன்னைக் கிழவன் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே. நீயும் யாரிடமாவது சொல்ல வேண்டியதை இப்படி மூடி வைத்திருந்தால் இன்றைக்கே சொல்லிவிடு. பெரிசாக ஒன்றும் ஆகாது, நெற்றிதான் வீங்கும்.

நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச, மனசுக்குப் பிடித்த வேலையோடு நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. மறக்காமல் ஒன்று செய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது, பைக் எப்படிப்பா இருக்கு என்று மட்டும் கேள். நான் எழுதியதாக மூச்சு விடாதே. உன் அம்மா பண்ணின கூத்தைக் கேளு என்று அவர் முழுசாக ஒரு மணி நேரம் சொல்வார். முதல் தடவை கேட்பது போலவே கேட்டு, என்னை நன்றாகத் திட்டு.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா